சூப்பர்ஹீரோ உடையும் அச்சு மையும்: தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதாபாத்திரங்களைப்போல் உடையணிந்து மேடையேறும் காஸ்ப்ளே போட்டிகளுக்காக முதன்முதலாக உடை தைக்க முனையும் இளைஞர்கள் சிலர் மாதந்தோறும் என் தையல் அறைக்கு வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கைப்பேசியில் ஒரு காமிக்ஸ் பக்கத்தைத் திறந்து, "அண்ணா, இது அப்படியே வேண்டும்" என்கிறார்கள். மீதிப் பேர் ஒரு திரைப்படக் காட்சியைக் காட்டி, "காமிக்ஸில் இருப்பதுபோல் வேண்டாம், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்" என்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரு காலத்தில் நானே வெவ்வேறு டெய்லர்களிடம் சொல்லி, இரண்டு முறையும் கைக்காசை இழந்தவன். திரைப்பட உடைகள் காமிக்ஸுக்கு உண்மையாக இருக்க வேண்டுமா என்று ரசிகர்கள் போடும் சண்டை, மேசையில் துணியை விரித்துக் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பவருக்கு அன்றாடப் பிரச்சினையாகவே வந்து நிற்கிறது. அளவு பிசகுவது, ஸிப் பிய்ந்துபோவது, பசை வெயிலில் இளகுவது ஆகியவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. முதல் உடையை ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு நின்றால் அவையெல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

அச்சு மையைத் துணியின் நிறமாக எண்ணுவது

நான் தைத்த முதல் பெரிய உடை பேட்மேனுடையது. சாம்பல் நிற உடல், நீல முகமூடி, நீல மேலங்கி, மார்பில் 1964-இல் சேர்க்கப்பட்ட அந்த மஞ்சள் வட்டம் என எழுபதுகளின் கதைகளில் வரும் பேட்மேன்தான் எனக்குப் பிடித்தவன். 1989-இல் வந்த திரைப்படம் அவனைத் தலை முதல் கால் வரை கறுப்பு ரப்பரில் அடைத்துவிட்டது என்ற ஆத்திரம் எனக்கு வெகுநாள் இருந்தது. நான் தைப்பதாவது காமிக்ஸுக்கு உண்மையாக இருக்கட்டும் என்று முடிவெடுத்து, ஒரு பழைய இதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, சென்னை கோடவுன் தெருவில் கடை கடையாக ஏறி, துணிச் சுருள்களின் மேல் அந்தப் பக்கத்தை வைத்து வைத்துப் பார்த்தேன். "தம்பி, பேப்பர் கலர் வேற, துணி கலர் வேற" என்று ஒரு பெரியவர் சொன்னதை, கையில் இருக்கும் சரக்கைத் தள்ளிவிடுவதற்கான பேச்சு என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

ஒத்துப்போகும் நீலம் எங்குமே கிடைக்காததால், உடலோடு ஒட்டி இழுபடும் துணியான வெள்ளை நைலான் லைக்ரா வாங்கிச் சாயத்துக்குக் கொடுத்தேன். முதல் முறை ஊதா கலந்து வந்தது. இரண்டாம் முறை வேறு துணி வாங்கி மறுபடியும் கொடுத்தேன். அந்த முறை பக்கத்தையும் துணியையும் அருகருகே வைத்தால் வேறுபாடே தெரியாத அளவுக்கு நீலம் அமைந்துவிட்டது. துணிக்கும் சாயத்துக்குமாக ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் போயிருந்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேடையின் வெள்ளை விளக்குக்குக் கீழே போய் நின்றபோது சாம்பல் பகுதி பனியனாகத் தெரிந்தது, நீலப் பகுதி பளபளவென்று மின்னியது. முன்வரிசையில் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன், "அங்கிள், நீங்க ப்ளூ ஹவுஸா?" என்று கேட்டான். அரங்கம் சிரித்தது.

எங்கே பிழை நேர்ந்தது என்பது வெகுகாலம் கழித்து, பழைய அச்சு முறையைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. அந்தக் கால அமெரிக்கக் காமிக்ஸ்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில், சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கே மைகளைக் கொண்டு அச்சானவை. ஒரு கறுப்பு மேலங்கியை முழுக் கறுப்பாக நிரப்பினால் அதன் மடிப்புகளும் உடலின் வளைவுகளும் மறைந்து வெறும் கரிப் படலமாகிவிடும் என்பதால், கறுப்பின் மேல் ஒளி விழும் இடங்களை நீலக் கீற்றால் காட்டுவது வழக்கம். சூப்பர்மேனின் தலைமுடியில் தெரியும் நீலமும் அதே வேலையைத்தான் செய்கிறது; அதைப் பார்த்து அவருக்கு நீல முடி என்று யாரும் சொன்னதில்லை. 1939-இல் அறிமுகமான பேட்மேனின் மேலங்கியிலோ, ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கீற்று அகன்றுகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மேலங்கி முழுவதையும் விழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த வாசகர்களுக்கு நீலமே அவனுடைய நிறமானது. அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காகிதத்தில் இருட்டு என்ற பொருளைத் தந்த நீலம், லைக்ராவில் விளையாட்டு விழா என்ற பொருளைத் தருகிறது. நான் எடுத்தது நிறத்தை மட்டுமே, பொருள் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

இப்படி மையினால் வந்த முடிவுகள் இந்தத் துறையில் ஏராளம். ஹல்க் 1962-இல் தன் முதல் இதழில் சாம்பல் நிறத்தவர். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாக வந்ததால் இரண்டாம் இதழிலேயே பச்சையானார். ராணி காமிக்ஸ் வாசகர்கள் முகமூடி வீரர் மாயாவி என்று அறிந்த ஃபாண்டம் 1936-இல் கறுப்பு வெள்ளைத் தினத்தொடராகத் தொடங்கியவர். அவரைப் படைத்த லீ ஃபாக்கின் மனத்தில் இருந்தது சாம்பல் உடை. 1939-இல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் வந்தபோது அது ஊதாவாக அச்சானது. இத்தாலியிலும் துருக்கியிலும் பிரேசிலிலும் அவர் சிவப்பு, ஸ்காண்டிநேவிய நாடுகளில் நீலம். நான்கு நாட்டு ரசிகர்களை ஓர் அறையில் உட்காரவைத்து மாயாவியின் உண்மையான நிறம் எது என்று கேட்டால், ஒவ்வொருவரும் தத்தம் நாட்டு அச்சகத்துக்காகத்தான் வாதாடுவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, இன்றைய பிள்ளைகள் ஸ்கேன் செய்த ஒரு பழைய பக்கத்திலிருந்து கணினியில் நிறத்தை உறிஞ்சியெடுத்து, அதன் குறியீட்டு எண்ணை எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டும்போது எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. அந்த எண்ணில் இருப்பது ஐம்பது ஆண்டுகளாக மஞ்சளித்துப்போன காகிதமும், மைப்புள்ளிகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியும், ஸ்கேனரின் விளக்கும் சேர்ந்த கலவை. அதைச் சாயப்பட்டறைக்குக் கொடுப்பது, மாலை வெயிலில் எடுத்த போட்டோவைப் பார்த்து முகப்பவுடர் வாங்குவதற்குச் சமம்.

மையைத் துணிக்குச் சரியாகக் கொண்டுவந்ததற்கு 2002-இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தின் உடையைச் சொல்லலாம். காகிதத்தில் வலை என்பது பேனாக் கோடு. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன் அதைத் துணியில் வெறும் கோடாக அச்சிடாமல், தொட்டால் கைக்குத் தட்டுப்படும் புடைப்பாக்கினார். அதனால் ஒளி பட்டபோது வலைக்கு நிழல் விழுந்தது. 2011-இன் கேப்டன் அமெரிக்கா படத்தில் இரண்டு வழிகளையும் ஒரே கதைக்குள் பார்க்கலாம். போர்ப் பத்திரம் விற்கும் மேடைக் காட்சிகளில் நாயகன் அணிவது காமிக்ஸை அப்படியே நகலெடுத்த மெல்லிய துணி உடை. அதே கோலத்தில் போர்முனைக்குப் போனதும் வீரர்கள் கேலி செய்கிறார்கள். பிறகு அவர் சண்டைக்கு அணியும் தடித்த சீருடையில் நட்சத்திரமும் நீலமும் அப்படியே இருக்கின்றன. வயிற்றுக் கோடுகள் மட்டும் உடலைச் சுற்றிய பட்டைகளாகி, இருப்பதற்கு ஒரு காரணத்தைப் பெற்றுவிடுகின்றன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஆள்தான். நான் இப்போது ஒவ்வொரு உடையையும் சுவரில் மாட்டி அப்படிக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்கிறேன். நிறங்கள் எந்த இடத்தில் மோதுகின்றன, சின்னம் எவ்வளவு பெரியது, உருவத்தின் வெளிக்கோடு எப்படி விழுகிறது ஆகிய மூன்றும் காமிக்ஸோடு ஒத்துப்போனால், நிறம் இரண்டு சாயல் இருண்டிருப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

வரைந்த உடலில் தையல் தேடுவது

காமிக்ஸ் ஓவியர்கள் பெரும்பாலும் வெற்றுடலை வரைந்து, அதன் மேல் நிறத்தைப் பிரித்துவிடுகிறார்கள். அக்குளில் சுருக்கம் விழாது, முழங்காலுக்குப் பின்னால் துணி மடங்காது, ஸிப் என்ற ஒன்றே கிடையாது. துணிக்கு இவை எல்லாம் உண்டு. ஆகவே தையலை மறைக்கப் போராடாமல், இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லைகளிலேயே தையலை ஓடவிட வேண்டும். பெரிய ஒற்றை நிறப் பரப்பு இருந்தால் அதற்கு ஏதேனும் நெசவோ புடைப்போ தேவை. 1966-இல் அறிமுகமான பிளாக் பேந்தருக்குக் காகிதத்தில் வெறும் கறுப்பு போதுமானதாக இருந்தது. 2018-இன் படத்தில் ரூத் கார்ட்டர் அந்தக் கறுப்பின் மேல் நுண்ணிய முக்கோண வடிவங்களைப் பரப்பினார். சிறந்த உடை வடிவமைப்புக்கான ஆஸ்கரும் அந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது.

மூலத்தைக் கண்டு வெட்கப்படுவது

இது எதிர்ப்புறத் தவறு. 2000-இல் வந்த எக்ஸ்மென் படத்தில் எல்லாருக்கும் கறுப்புத் தோலுடை. மஞ்சள் உடை வேண்டுமா என்று வால்வரினைக் கிண்டல் செய்யும் ஒரு வசனமும் உண்டு. அன்று திரையரங்கில் நானும் சிரித்தேன், பிறகு ரெக்ஸினில் ஒரு கறுப்பு வால்வரின் உடையைத் தைத்து, மே மாதத்தில் அணிந்து, அரை மணி நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்திலும் நகங்களைப் பார்த்த பிறகே ஆளை அடையாளம் கண்டார்கள். அந்தப் படத்தில் வால்வரினாக நடித்த அதே ஹியூ ஜாக்மன் 2024-இல் மஞ்சள் உடையில் வந்து நின்றபோது ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் மஞ்சள் மாறவில்லை. படமெடுத்தவர்களின் கூச்சம் போயிருந்தது.

வெட்கத்தில் தைத்த உடையை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். சின்னத்தைச் சிறிதாக்கியிருப்பார்கள், சிவப்பை மெரூனாக்கியிருப்பார்கள், தேவையே இல்லாத பெல்ட்டுகளையும் பாக்கெட்டுகளையும் சேர்த்திருப்பார்கள்.

சூப்பர்மேனின் ஜட்டி

சர்க்கஸ் பலசாலிகளின் உடையிலிருந்து வந்தது. சிரித்து முடித்துவிட்டு அளவு கொடுக்க வாருங்கள்.

கழுத்தை மறப்பது

எனக்குப் பிடிக்காத அந்த 1989 உடையைப் பற்றி இப்போது என் கோபம் நிறத்தின் மேல் இல்லை. முகமூடியும் தோளும் ஒரே ரப்பராக இருந்ததால் பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டனால் தலையைத் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் இடுப்பிலிருந்து உடலையே திருப்ப வேண்டியிருந்தது. அவர் நல்ல நடிகர் என்பதால் அந்த விறைப்பையே பேட்மேனின் தோரணையாக்கிக்கொண்டார். 2008-இல் வந்த பேட்மேன் படத்தில்தான், தலையைத் திருப்ப வசதியாக ஒரு புதிய உடை வேண்டும் என்று நாயகனே கேட்பதுபோல் வசனம் எழுதி, முகமூடியைத் தனியாகப் பிரித்தார்கள். எவ்வளவு உண்மையான நகலாக இருந்தாலும், அணிந்தவர் திரும்பிப் பார்க்க முடியாத உடை கடைப் பொம்மைக்குத்தான் சரி. முதல் டிரையலில் என் வாடிக்கையாளர்களைக் குனிந்து செருப்பை எடுக்கச் சொல்கிறேன். எடுக்க முடியாவிட்டால் பிரித்துத் தைக்கிறேன்.

ஸ்பாஞ்ச் தசைகள்

வேண்டாம்.

கணினி பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

2011-இல் வந்த படத்தில் கிரீன் லான்டர்ன் என்ற சூப்பர்ஹீரோவுக்கு உடையே தைக்காமல் கணினியில் வரைந்தார்கள். அதில் நடித்த ரயன் ரெனால்ட்ஸே பிறகு வேறொரு படத்தில் அதைக் கேலி செய்தார்.

முகமூடியின் கண்கள்

காமிக்ஸில் ஸ்பைடர்மேனின் வெள்ளைக் கண்கள் கோபத்தில் சுருங்கும், வியப்பில் விரியும். முகமே தெரியாத ஒருவனின் மனநிலையைக் காட்ட ஓவியருக்கு இருந்த ஒரே வழி அது. இதைக் கவனிக்காதவர்கள் ஏதோ ஓர் அளவில் கண்களை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள், பிறகு போட்டோக்களில் எல்லாம் ஒரே முகபாவம் வந்திருக்கிறது என்று புலம்புகிறார்கள். 2002-இன் படத்தில் கண்கள் அசையாததால், உணர்ச்சி தேவைப்பட்ட இறுதிச் சண்டையில் முகமூடியைக் கிழித்து முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. 2016-இல் ஸ்பைடர்மேன் மீண்டும் வந்தபோது, கண்களுக்குக் கேமரா ஷட்டர் போன்ற ஓர் இயந்திரத்தைக் கதைக்குள்ளேயே வைத்து, காகிதத்தில் இருந்த அந்தச் சுருக்கத்தையும் விரிவையும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லை. நான் முகமூடியின் உட்புறம் சிறு காந்தங்களைத் தைத்து, அகலமானது ஒன்று, இடுங்கியது ஒன்று என இரண்டு ஜோடிக் கண்களைச் செய்து கொடுக்கிறேன். இடுங்கிய ஜோடியை மேடைக்குப் போட்டுக்கொள்வார்கள். குழந்தைகள் படமெடுத்துக்கொள்ள வந்தால் அகலமான ஜோடியை மாட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன்.