பழைய பின்பால் மெஷின்: சவுண்ட் போர்டில் வால்யூம் கண்ட்ரோலைச் சீராக்குவது எப்படி?

குமிழை லேசாகத் தொட்டாலே மெஷின் அலறுகிறது, மீதி முக்கால் சுற்றுக்குப் பெரிய மாற்றமே இல்லை. என் மெஷினில் இதே தொல்லை. காரணம், அதில் இருந்தது லீனியர் பாட், அதாவது திருப்பும் அளவுக்கு ஏற்ப ஒரே சீராக மாறும் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறுமின்தடை). அதை நடுவில் வைத்தால் சிக்னல் 6 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது போதாது. ஒரு ரெசிஸ்டர் போட்டால் தீர்ந்தது.

பாட், ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இருக்கும் போர்டுகளுக்கு மட்டும்தான் இந்த முறை. ஸ்பீக்கர் ஒயரிலேயே பாட் இருந்தால் செய்யாதீர்கள். வில்லியம்ஸ் நிறுவனத்தின் டபிள்யூபிசி ரக மெஷின்களில் ஒலியளவு காயின் டோர் (காசு போடும் கதவு) பட்டன்களில் இருப்பதால் அவற்றுக்கும் பொருந்தாது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிஸ்ப்ளேக்குப் போகும் உயர் மின்னழுத்தம் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும். பிறகு பாட்டின் கனெக்டரைக் கழற்றி, மீட்டரில் ஓரக் கால்கள் இரண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 10 கே (கிலோஓம்) என்று வைத்துக்கொள்வோம். நடுக்கால்தான் வைப்பர், குமிழோடு நகரும் முனை.

இனி வைப்பருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2.2 கே, கால் வாட் ரெசிஸ்டர். இப்போது நடுநிலையில் சுமார் 12.6 டெசிபல் குறையும், குமிழ் சீராகத் திரும்பும். ரெசிஸ்டரைப் பாட்டின் கால்களில் பற்றவைக்காமல் போர்டின் பின்பக்கம், கனெக்டர் பின்களிலேயே வையுங்கள். நாளை ஒயர் அறுந்தாலோ வைப்பர் தொடர்பு விட்டுப்போனாலோ, ஆம்ப்பின் உள்ளீடு கிரவுண்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கர் உறுமாது.

என்னை மாட்டிவிட்டது அடுத்த கட்டம். குறைந்த ஒலியில் எல்லாம் நன்றாக இருந்தது, கூட்டினால் மட்டும் பேஸ் (தாழ்ந்த ஒலி) காணோம். முழு ஒலியில் பாட்டும் ரெசிஸ்டரும் இணையாகச் சேர்ந்து 1.8 கே ஆகிவிடுகின்றன. பாட்டுக்கு முன்னால் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து ஒலி சிக்னலை மட்டும் விடுவது) 0.47 மைக்ரோஃபாரட் என்றால், முன்பு 34 ஹெர்ட்ஸில் இருந்த வெட்டு, அதாவது அதற்குக் கீழே ஒலி குறையத் தொடங்கும் எல்லை, இப்போது 188 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதை 4.7 மைக்ரோஃபாரடாக மாற்றினால் 19 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நான் துருவமில்லாத கெப்பாசிட்டர்தான் போடுவேன், பிளஸ், மைனஸ் தேட வேண்டாம்.

பழைய கெப்பாசிட்டரைப் போர்டோடு மல்லுக்கட்டி இழுக்காதீர்கள், பேட் (கால் பற்றவைக்கப்பட்ட செம்புத் திட்டு) பெயர்ந்து வந்துவிடும். உடலை வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி எடுங்கள். துளையைச் சுத்தம் செய்ய எனக்கு ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்தான், சக்‌ஷன் பம்ப் பிடிக்காது.

சிலர் லாக் பாட் (காதின் உணர்வுக்கு ஏற்ப மடக்கை முறையில் மாறும் பாட்) வாங்கிப் போடலாமே என்று கேட்கிறார்கள். போடலாம். ஆனால் மலிவான லாக் பாட்களில் தடம் இரண்டு லீனியர் துண்டுகளை ஒட்டியதுபோல இருக்கும், நடுவில் ஒரு குதிப்பு கேட்கும். நான் லீனியரும் ரெசிஸ்டரும் என்றே சொல்வேன்.

பின்சேர்க்கை: மாற்றிய பிறகும் குமிழ் திருப்பும்போது கரகரக்கிறது என்று எழுதியவர்களுக்கு: மெஷினை ஓட விட்டு, கிரவுண்டுக்கும் பாட்டின் மேல்முனைக்கும் (சிக்னல் நுழையும் ஓரக் கால்) டிசி அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில நூறு மில்லிவோல்ட் காட்டினால் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது. அதை மாற்றிவிட்டுப் பிறகு பாட்டைச் சந்தேகப்படுங்கள்.