ஃபோர்க்லிஃப்ட் இல்லாத பட்டறையில் கனமான பாகங்களை நகர்த்தும் முறை

கோயம்புத்தூரின் கணபதி, பீளமேடு, குறிச்சி ஆகிய பகுதிகளில் உள்ள சிறு பொறியியல் பட்டறைகளில் பம்ப் உறைகள், மோட்டார் பாடிகள், டைகள் (அச்சுகள்), தடித்த ஷாஃப்ட்டுகள் எல்லாம் நாள் முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இவற்றில் பெரும்பாலான பட்டறைகளுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஒத்துவராது. 2.5 டன் தூக்கும் வண்டி செங்கோணத்தில் திரும்பிச் சரக்கை வைப்பதற்குச் சுமார் 3.5 முதல் 4 மீட்டர் வரை அகலமான வழி வேண்டும். அதன் சொந்த எடையே 4 டன்னை நெருங்குவதால், தரையும் அதைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். லேத்துகளை வரிசையாகப் போட்டு நடுவில் இரண்டு ஆள் நடக்கும் அளவுக்கு மட்டுமே வழி விட்டிருக்கும் இடத்தில், வேறு வகையில்தான் யோசித்தாக வேண்டும்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, சிரமம் தள்ளுவதில் அதிகம் இல்லை, தூக்குவதில்தான் இருக்கிறது என்பதே. ஒரு டன் எடையைத் தரையிலிருந்து தூக்க முழு 1,000 கிலோ விசை வேண்டும். அதே எடை நல்ல சக்கரங்களின் மேல், சுத்தமான சமதளக் கான்கிரீட்டில் உருண்டுகொண்டிருக்கும்போது, அதைத் தொடர்ந்து தள்ள ஏறத்தாழ 20 கிலோ விசை போதும். நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது அதைப்போல் இரு மடங்கு தேவைப்படலாம். ஆகவே பாகம் பட்டறைக்குள் வந்ததிலிருந்து வெளியேறும் வரை எத்தனை முறை தரையில் இறக்கப்பட்டு மறுபடியும் ஏற்றப்படுகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு இறக்கத்திற்கும் ஏதோ ஒரு காரணம் சொல்லப்படும். அவற்றில் பாதி, வைப்பதற்கு வேறு இடம் இல்லாததால் தரையில் வைத்தோம் என்பதாகவே இருக்கும்.

இதற்கு மாற்று, பாகம் எப்போதும் சக்கரத்தின் மேலேயே, இயந்திர மேசையின் உயரத்திலேயே இருக்கும்படி டிராலிகளைச் செய்துகொள்வதாகும். மில்லிங் இயந்திரத்தின் மேசை, டிரில்லிங் இயந்திரத்தின் மேசை, சோதனை மேசை ஆகியவற்றின் உயரங்களை அளந்து, அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் ஓர் உயரத்தில் டிராலியின் மேல்தளத்தை அமைக்க வேண்டும். ஒத்துவராத ஓரிரு இயந்திரங்களுக்கு மட்டும் காலால் மிதித்து உயர்த்தும் ஹைட்ராலிக் லிஃப்ட் டேபிள் ஒன்று வாங்கினால் போதும். டிராலியின் மேல்தளத்தில் உருளைகளைப் பதித்துவிட்டால், பாகத்தைத் தூக்காமலே இயந்திரத்தின் மேல் தள்ளிவிடலாம். உருளைகளின் இடைவெளி பாகத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று உருளைகள் அடியில் இருந்தால்தான் பாகம் தலைகுப்புறச் சாயாது. தளத்தின் இரு முனைகளிலும் தடுப்பு வைப்பதும், தள்ளும்போது டிராலி பின்வாங்காமல் இருக்க அதை இயந்திரத்தோடு ஒரு கொக்கியால் பிணைப்பதும் அவசியம். பிரேக்கை மட்டும் நம்பி இருபுறமும் சுதந்திரமாக உருளும் ஒரு வார்ப்பைத் தள்ளுவது ஆபத்து.

சக்கரங்களைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கணக்கைத் தவறவிடுகிறார்கள். நான்கு சக்கரம் என்பதால் மொத்த எடையை நான்கால் வகுத்துவிடுகிறார்கள். மேடுபள்ளமான தரையில் எப்போதும் மூன்று சக்கரங்களே பாரம் தாங்குவதால், மூன்றால் வகுப்பதே சரி. டிராலியோடு சேர்த்து 1,200 கிலோ என்றால், ஒவ்வொரு சக்கரமும் 400 கிலோ தாங்க வேண்டும். விட்டம் பெரிதாக இருக்கும் அளவுக்குச் சக்கரம் தரையின் வெடிப்புகளை எளிதாகக் கடக்கும். நைலான் சக்கரம் இலகுவாக உருளும், ஆனால் சத்தமிடும், தரையையும் சிராய்க்கும். பாலியூரித்தேன் சக்கரம் சற்றே கூடுதல் விசை கேட்டாலும் தரையைக் காக்கும். இரண்டு நிலையான சக்கரங்களை முன்னாலும், திரும்பக்கூடிய இரண்டைத் தள்ளும் கைப்பிடியின் பக்கமும் பொருத்தினால் திருப்பங்களில் கட்டுப்பாடு கைக்குள் இருக்கும். இழுப்பதைவிடத் தள்ளுவது மேல். இழுக்கும்போது உடல் திரும்பி முதுகு முறுகுகிறது, வண்டி குதிகாலில் ஏறவும் கூடும்.

தரையைப் பற்றிச் சொல்லாமல் சக்கரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. லேத்தின் அடியிலிருந்து சிதறும் இரும்புப் பிசிறு ஒன்று சக்கரத்தில் மாட்டினால், ஒரு டன் டிராலி நட்டநடுவில் நின்றுவிடும். நடைவழியை ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் கூட்டுவதும், எண்ணெய்க் கசிவைத் துடைப்பதும், வடிகால் பள்ளங்களின் மேல் அசையாத இரும்புத் தகடு போடுவதும் தூக்கும் கருவி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை. ஐம்பதுக்கு ஒன்று என்ற சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு டன்னுக்கு 20 கிலோ விசையைக் கூட்டி, தள்ளும் வேலையை இரட்டிப்பாக்கும். இறக்கத்தில் வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

பேலட்டில் (அடித்தட்டில்) வரும் பொருளுக்கு, தட்டின் அடியில் இரு கரங்களை நுழைத்துக் கையால் தள்ளும் ஹேண்ட் பேலட் டிரக் போதும். வழக்கமான மாதிரி 2 அல்லது 2.5 டன் தாங்கும். கரங்கள் தரையிலிருந்து சுமார் 85 மி.மீ. உயரத்தில் நுழைந்து 200 மி.மீ. வரை உயரும். கரங்களை முழுவதும் உள்ளே செலுத்திய பின்னரே பம்ப் அடிக்க வேண்டும். நகர்த்துவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் உயர்த்தினால் போதும்.

தூக்கியே ஆக வேண்டிய இடத்தில் எடை எவ்வளவு என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. உருண்டை எஃகுக் கம்பியாக இருந்தால், விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும்; 200 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 247 கிலோ. எஃகுத் தகடு, கட்டி ஆகியவற்றுக்குக் கன அளவைக் கனமீட்டரில் கண்டு 7,850ஆல் பெருக்க வேண்டும். வார்ப்பிரும்புக்கு 7,200 போதும். கண்டறிந்த எடையைப் பாகத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதிவிடுவது, அடுத்த ஷிப்டில் வருபவருக்கும் உதவும்.

செயின் பிளாக்கை (கைச் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவியை) கூரையின் டிரஸ்ஸில், அதாவது கூரையைத் தாங்கும் சட்டத்தில், மாட்டுவது மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. ஷீட் கூரையைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட டிரஸ், நடுவில் தொங்கும் ஒரு டன் பாரத்தைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தனித் தூண்களின் மேல் நிற்கும் ஐ-பீம், சக்கரம் வைத்த காண்ட்ரி (இருபுறக் கால்களின் மேல் நிற்கும் உத்தரம்), அல்லது ஒரே இயந்திரத்துக்கு மட்டும் பயன்படும் ஜிப் கிரேன் (தூணிலிருந்து பக்கவாட்டில் நீண்டு திரும்பும் கை) இவற்றில் ஒன்றைப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும். கைச் சங்கிலியை ஒரே ஆள் இழுத்து ஏறாவிட்டால், இன்னொருவரைச் சேர்த்து இழுக்கச் சொல்லாமல், எடை பிளாக்கின் திறனைத் தாண்டிவிட்டதா, எங்கேனும் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாகத்தைச் சுற்றித் தூக்கும் பட்டையான பெல்ட் ஸ்லிங்கின் நிறமே அதன் திறனைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். இது நேராகத் தொங்கவிடும்போது மட்டும். சுருக்குப் போட்டுக் கட்டினால் திறன் ஐந்தில் நான்கு பங்காகக் குறையும். கொக்கியிலிருந்து பிரிந்து இறங்கும் ஸ்லிங்கின் இரண்டு கால்களால் தூக்கும்போது அவற்றுக்கு இடையிலுள்ள கோணம் முக்கியம். ஒரு டன் பாரத்தில் கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொரு காலிலும் சுமார் 580 கிலோ இழுப்பு விழும், 90 பாகையில் 710, 120 பாகையில் முழு 1,000 கிலோ. எனவே 90 பாகையைத் தாண்டாதபடி ஸ்லிங்கின் நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூரிய விளிம்புகளில் தோல் அல்லது ரப்பர் அட்டை வைக்காமல் பெல்ட்டைச் சுற்றக் கூடாது. வெட்டு விழுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுப் பயன்படுத்தாமல் வெட்டி எறிந்துவிட வேண்டும். ஐ-போல்ட்டும் (தலையில் வளையம் உள்ள போல்ட்) நேராக மேல்நோக்கி இழுக்கும்போதுதான் முழுத் திறனைத் தரும்: ஜெர்மானிய டின் 580 தரத்தின்படி எம்12 அளவு 340 கிலோவும் எம்16 அளவு 700 கிலோவும் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் இது வெகுவாகக் குறையும்.

இயந்திரத்தையே இடம் மாற்ற நேர்ந்தால், ஜாக்கியால் சிறிது உயர்த்தி உடனே கட்டை செருகி, மறுபடியும் சிறிது உயர்த்தி மறுபடியும் கட்டை செருகுவதே பாதுகாப்பான வழி. ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் இயந்திரத்தின் அடியில் கை போகக் கூடாது. லேத்தில் ஹெட்ஸ்டாக் (பாகத்தைப் பிடித்துச் சுழற்றும் தலைப்பகுதி) பக்கம்தான் எடை அதிகம். வெட்டுக் கருவியைத் தாங்கி நகரும் கேரியேஜை எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பூட்டிவிட்டால் சமநிலை ஓரளவு சரியாகும். இயந்திரத்தை உருட்ட அடியில் போடும் பைப்புகளைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போடுபவர், பைப்பின் உள்ளே விரலை நுழைத்துப் பிடிக்காமல், முனையைக் கட்டையால் தட்டிச் சரிசெய்யப் பழக வேண்டும்.

கையால் தூக்கும் எடைக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய சூத்திரம், எல்லாம் சாதகமாக அமைந்தாலும் 23 கிலோவையே உச்சமாக வைக்கிறது. தூக்கும் கருவிகளைப் பொறுத்தவரை, தகுதி பெற்ற நபர் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது அவற்றை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றும், பாதுகாப்பான பளு அவற்றின் மேல் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்றும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29ஆம் பிரிவில் வகுத்தது. சோதனைச் சான்றிதழ் இல்லாமல் பழைய இரும்புக் கடையில் வாங்கிய செயின் பிளாக், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். தூக்கும்போது சைகை கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். ஆனால் நிறுத்தச் சொல்லும் உரிமை அங்கே நிற்கும் எல்லோருக்கும் உண்டு.

லாரியிலிருந்து இறக்குவது தனிச் சிக்கல். அதற்காக ஒரு வண்டியைச் சொந்தமாக வாங்குவதைவிட, ஹைட்ரா கிரேனை (சாலையில் ஓட்டி வரக்கூடிய சிறு கிரேனை) வாடகைக்கு அழைப்பதே மலிவு என்பது என் கருத்து. கிரேன் வருவதற்கு முன்பே டிராலிகளை வாசலில் வரிசையாக நிறுத்தி, மேலே மரக்கட்டைகளைப் போட்டு, முதல் இயந்திரத்தில் எந்த முகம் மேலே வர வேண்டுமோ அந்த வாக்கிலேயே பாகம் வந்து அமரும்படி ஏற்பாடு செய்துவிட்டால், உள்ளே கொண்டுபோன பிறகு புரட்டிப் போடும் வேலை இருக்காது.