பக்கத்துத் துறைக்குள் நுழைவது எப்படி

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களுக்குக் கட்டுரை தேட உதவுவதுதான் என் வேலை. எதிரே வந்து உட்காருபவர்களில் பாதிப்பேர் ஒரே வாக்கியத்தோடு வருவார்கள்: "இந்தத் தலைப்பில் யாருமே எதுவும் எழுதவில்லை." பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். வேறு துறையில், வேறு பெயரில்.

அதனால் கட்டுரையைத் தேடுவதற்கு முன்னால் சொல்லைத் தேடுங்கள். ஒரு வரலாற்று மாணவி வந்தார். எழுத்து ஆவணம் அரிதாகவே கிடைக்கிற காலத்தில் வறட்சி எப்போது வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். 'பழங்கால வறட்சி' என்பதையே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு மூன்று வாரம் தேடியிருக்கிறார். கிடைத்ததெல்லாம் ஏற்கெனவே படித்த வரலாற்றுக் கட்டுரைகள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "வறட்சி வந்தால் அதன் தடம் எதில் பதியும்?" கொஞ்சம் யோசித்து, "மரத்தில்?" என்றார். சரி, மர வளையங்களை எண்ணிக் காலம் கணிப்பவர்கள் தங்கள் துறையை டென்ட்ரோகுரோனாலஜி என்கிறார்கள். அந்தச் சொல்லைப் போட்டதும் திரை நிறைந்துவிட்டது. முதல் கட்டுரையின் ஆய்வுச் சுருக்கத்திலேயே அடுத்த சொல்: பேலியோகிளைமட்டாலஜி, அதாவது பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராயும் துறை. அதற்குள் போனால் 'ப்ராக்ஸி', அதாவது நேரே அளக்க முடியாததற்குப் பதிலாக அளக்கும் பொருள். மர வளையம், ஏரியடிச் சேறு, குகைச் சுண்ணாம்புப் படிவு எல்லாம் அதில் அடங்கும். அரை மணி நேரத்தில் அவர் நோட்டில் எட்டுச் சொற்கள் ஏறிவிட்டன.

நீங்களும் இப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் தேடும் விஷயம் எதில் தடம் விடும்? அந்தத் தடத்தை அளப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர் யார்? அவர் தன் வேலையை என்ன பெயரில் சொல்லுவார்? கிடைத்த சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆய்வுச் சுருக்கத்தின் கீழே பெரும்பாலும் இருக்கும் திறவுச்சொற்களிலிருந்து பட்டியல் தானாக நீளும்.

ஒரே சொல் இரண்டு துறைகளில் இரண்டு பொருளில் வரும். 'கல்ச்சர்' மானுடவியலில் பண்பாடு, நுண்ணுயிரியலில் தட்டில் வளரும் கிருமிக் கூட்டம். இதில் யாரும் ஏமாறுவதில்லை. கிட்டத்தட்ட ஒரே பொருள் தருகிற சொல்தான் காலை வாரும். 'சிக்னிஃபிகண்ட்' என்று பார்த்ததும் 'முக்கியமான முடிவு' என்று எழுதிவிடுவார்கள். புள்ளியியலில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவது அரிது, அவ்வளவுதான். எவ்வளவு அரிது என்பதும் துறைக்குத் துறை மாறும். உளவியலிலும் மருத்துவத்திலும் 0.05, அதாவது இருபதில் ஒன்று, என்பது பழகிப்போன எல்லை. துகள் இயற்பியலில் ஐந்து சிக்மா கேட்பார்கள், அதாவது ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்று. 2012-இல் ஹிக்ஸ் துகள் அறிவிப்பு வந்தது அந்த அளவை எட்டிய பிறகுதான். ஒரு துறையின் அளவுகோலை இன்னொன்றின் மேல் வைத்து அளக்காதீர்கள். தமிழில் எழுதினால் இன்னொரு தலைவலி: 'மாதிரி' என்றால் சாம்பிளா, மாடலா? நான் 'கூறு', 'மாதிரியம்' என்று பிரித்து எழுதப் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை. இப்போது சாம்பிள், மாடல் என்றே எழுதிவிடுகிறேன்.

அப்புறம் படிக்கும் வரிசை. புதிய துறையில் முதலில் மறுஆய்வுக் கட்டுரை (அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவது) ஒன்றைப் பிடியுங்கள், அந்தத் துறைக்காரர்கள் எதில் சண்டை போடுகிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். சோதனை சார்ந்த கட்டுரை என்றால் சுருக்கம், படங்கள், பிறகு நேராக ஆய்வுமுறைப் பகுதி. எல்லோரும் தாண்டிப் போகும் இடம் அதுதான், கட்டுரையின் வரம்பு ஒளிந்திருப்பதும் அங்கேதான். நம் வரலாற்று மாணவி எடுத்த கட்டுரையிலும் மர இனத்தின் பெயர் அந்தப் பகுதியில்தான் இருந்தது. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. தேக்கு போன்ற சில மரங்களே கைகொடுக்கும். எந்த மரம் என்று பார்க்காமல் முடிவை மட்டும் எடுத்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்.

வரலாற்றுக் கட்டுரை என்றால் நான் அடிக்குறிப்பிலிருந்து தொடங்குவேன். கணினி அறிவியலில் இதழ்களோடு நிற்காதீர்கள், பெரிய வேலைகள் மாநாட்டுக் கட்டுரைகளாகவே வருகின்றன. ஆசிரியர் பெயர் வரிசையும் அப்படித்தான். கணிதத்தில் வழக்கமாக அகரவரிசை, உயிரியலில் கடைசிப் பெயர்தான் பெரும்பாலும் ஆய்வகத் தலைவர்.

மேற்கோள் விஷயத்தில் என் மூக்கு உடைந்த கதையைச் சொல்லியாக வேண்டும். புதிய மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது நான் விரும்பிச் சொன்ன கதை பாலக் கீரை கதை. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வேதியியலாளர் தசமப்புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டாராம், கீரையில் இரும்புச்சத்து பத்து மடங்காகிவிட்டதாம், யாரும் சரிபார்க்காமல் பரப்பினார்களாம். ஒருநாள் ஒரு மாணவர் எழுந்து, "இதற்கு மூலம் எது?" என்றார். என்னிடம் இல்லை. தேடிப் போனால், கதை பரவக் காரணம் 1981-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை, அதில் மூலமே குறிப்பிடவில்லை. மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் 2010-இல் தோண்டிப் பார்த்து, தசமப்புள்ளி தவறியதற்குச் சான்றே இல்லை என்று எழுதியிருக்கிறார். சரிபார்க்காமல் பரப்பாதே என்று சொல்ல நான் சரிபார்க்காமல் பரப்பிய கதை. அன்றிலிருந்து என் விதி இது: ஒரு தகவலை மேற்கோளிலிருந்து மேற்கோளுக்குப் பின்னால் துரத்திக்கொண்டு போங்கள். முதலில் அளந்தவர் அல்லது முதலில் பார்த்தவர் கிடைக்கும்வரை நிற்காதீர்கள். முன்னாலும் போகலாம். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அதைப் பின்னால் யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற இணைப்பு இருக்கும். மறுப்பு வந்திருந்தால் பெரும்பாலும் அந்த வழியில் அகப்படும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதை இதழின் பக்கத்திலேயே பாருங்கள், கையிலிருக்கும் பிடிஎஃப் அதைச் சொல்லாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு கதைகள் வைத்திருக்கிறேன், இரண்டையும் சரிபார்த்துவிட்டேன். 1994-இல் நீரிழிவு இதழ் ஒன்றில், வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பைக் காண ஒரு 'புதிய' முறை வந்தது. பரப்பைச் சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டும், கல்லூரிக் கணக்கில் வரும் சரிவக விதிதான் அது. பாபிலோனிய வானியலாளர்கள் வியாழன் நகர்ந்த தூரத்தைச் சரிவகப் பரப்பாகக் கணக்கிட்ட களிமண் பலகைகளைப் பற்றி 2016-இல் ஒரு கட்டுரையே வந்தது. அடுத்த கட்டிடத்துக் கணித ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும். இன்னொன்று நேரெதிர். 1986-இல் டான் ஸ்வான்சன் இரண்டு தனித்தனிக் கட்டுரைக் குவியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒன்றில் மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று இருந்தது. மற்றதில், குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட் நோயில் அந்தப் பிசுபிசுப்பு கூடுதல் என்று இருந்தது. இரு தரப்பும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியதே இல்லை. மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்ற ஊகத்தை எழுதியவர் மருத்துவர் இல்லை, தகவலியல் அறிஞர். எங்கள் ஜாதி.

கடைசியாக, ஆளைக் கேளுங்கள். தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் பெரும்பாலும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். நான்கு வரி போதும்: நீங்கள் யார், அவருடைய எந்தக் கட்டுரையில் எந்தப் படம், உங்கள் சந்தேகம் என்ன, நன்றி. 'உங்கள் துறையைப் பற்றிச் சொல்ல முடியுமா' என்று எழுதினால் பதில் வராது.

வரலாற்று மாணவியும் எழுதினார். மூன்றாவது வளைகோட்டில் ஒரு பதினைந்து ஆண்டுச் சரிவு, அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. கேள்விக்குப் பதில் இரண்டே வரிதான். அதற்குக் கீழே அவர்கள் கேட்ட கேள்வி பெரிதாக இருந்தது: அதே ஆண்டுகளுக்குப் பஞ்சம், வரி தள்ளுபடி பற்றி எழுத்து ஆவணம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?