பழைய டீசல் பிக்கப் புகை அடித்தால்: பம்பில் கை வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து வருடம் ஓடிய டீசல் பிக்கப் ஒன்று கரும்புகை அடிக்கிறது என்று பட்டறைக்குள் நுழைந்தால், பெரும்பாலும் முதலில் ஸ்பேனர் போவது டீசல் பம்பின் திருகுக்குத்தான். திருகைக் குறைத்தால் டீசல் குறையும், டீசல் குறைந்தால் புகையும் குறையும், புகைச் சோதனைச் சான்றிதழும் கிடைத்துவிடும். ஆனால் பாரம் ஏற்றிய மறுநாளே பிக்கப் வண்டிக்குப் பிக்கப் (இழுவை) இல்லை என்று ஓட்டுநர் திரும்பி வருவார், திருகு பழைய இடத்துக்கே போகும். கரும்புகை என்பது எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காத டீசல். டீசல் கூடியிருக்கிறதா, காற்று குறைந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல் பம்பைத் தொடுவதே எல்லாத் தவறுகளுக்கும் தலையாய தவறு. காற்றுப் பக்கத்தைச் சோதிக்கப் பெரிய செலவும் இல்லை என்பதால் அங்கிருந்து தொடங்குவதே முறை.

ஏர் ஃபில்டரைத் தட்டிவிட்டு மாட்டுவதோடு அந்தச் சோதனை முடிந்துவிடுவதில்லை. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டியில், டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் புதிது போலத் தெரியும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு ஒரு விரல் தள்ளி, எண்ணெயில் புழுதி ஒட்டிய கறுப்புக் கோடு ஒன்று இருக்கும். வளைத்தால் அது வாய் திறக்கும். நின்ற இடத்தில் ஓடும்போது அழுத்தம் இல்லாததால் அந்த வெடிப்பு மூடியே இருக்கும், மேடு ஏறும்போதுதான் காற்று அதன் வழியாக வெளியேறிப் புகை கொட்டும். ஆகவே வண்டியை நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்து ‘குறை எதுவும் இல்லை’ என்று சொல்வது அவசர முடிவு.

புகையின் நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அடுத்த தவறு. எப்போது வருகிறது என்பதும் சேர்ந்தால்தான் நிறத்துக்குப் பொருள் உண்டு. குளிர்ந்த காலையில் வந்து சில நிமிடங்களில் மறையும் வெண்புகைக்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. சூடேறிய பின்னும் தொடர்ந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் சிலிண்டர் மூடிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் குறையாமல் கண்ணெரியும் டீசல் நெடி மட்டும் அடித்தால் டீசலைத் தெளிக்கும் நாசில், தெளிக்கும் நேரமான டைமிங், சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆயில் எரிவதால் வரும் நீலப்புகை என்றாலே டர்போ போய்விட்டது என்பது பட்டறைகளில் பரவலாக உள்ள நம்பிக்கை. டர்போவை மாற்றும் முன் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயும் டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாயும் அடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. அவை அடைத்திருந்தால் நல்ல டர்போவும் ஆயில் தள்ளும், புதிதாக மாட்டியதும் தள்ளும்.

எந்த சிலிண்டரின் நாசில் கெட்டது என்று அறிய, ஓடும் இன்ஜினில் டீசல் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம் பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளோடு வந்தது. அதே வழக்கத்தை, எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் செய்வது உயிரோடு விளையாடுவதாகும். நின்று ஓடும்போதே சில நூறு பார் அழுத்தத்திலும், பாரம் இழுக்கும்போது 1,000 பாருக்கு மேலும் உள்ள டீசல், தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனாலும் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். இவ்வகை வண்டிகளில் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் பாட்டில்களில் பிடித்து அளவை ஒப்பிட்டாலே, உள்ளே கசியும் இன்ஜெக்டர் அடையாளம் தெரிந்துவிடும்.

சான்றிதழ் கிடைத்ததால் வண்டி சரியாகிவிட்டது என்று எண்ணுவதும் தவறே. இந்தியாவில் டீசல் வண்டிக்கான புகைச் சோதனை, பாரம் இல்லாமல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் புகையின் அடர்த்தியை அளப்பது. பாரத் ஸ்டேஜ் 4 என்னும் மாசு விதிக்கு முந்தைய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகும், ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 50-ம் வரம்பு. இன்ஜின் ஆறிய நிலையில் போய் நின்றால் நல்ல வண்டியும் தோற்கலாம். மேட்டில் புகைகிற வண்டி தேறியும் விடலாம். ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைப்பவர்களுக்கு இந்தச் சோதனையே துணைபோகிறது. எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பி வெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது அந்த வால்வின் வேலை. சோதனை அந்த வாயுவை அளப்பதே இல்லை. கரி பிடித்துத் திறந்தபடி நின்றுவிட்ட வால்வு கரும்புகைக்குக் காரணமாவது உண்மைதான், ஆனால் அதற்கு மருந்து கழற்றிக் கரியைச் சுரண்டுவது, அதிலும் சரியாகாவிட்டால் மாற்றுவது.

சைலன்சர் சத்தம் கூடினால் பின்பக்கத்தை மட்டும் வெல்டிங் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் அடங்கும் சத்தம் பின்னால் இருப்பதில்லை; அது இன்ஜினிலிருந்து புகையைத் திரட்டும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் இருக்கும், இணைப்பின் ஓரத்தில் விசிறி போலப் படர்ந்த கரி அதைக் காட்டிக்கொடுக்கும். அங்கே கசியும் புகை கேபினுக்குள் வர வழி உண்டு என்பதால், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள்ளேயே உறங்கும் ஓட்டுநர்கள் இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.