மாத்திரை ஒன்று, மருந்து இரண்டு: சர்க்கரை நோய்க்கான கூட்டு மாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக் கடையில் பத்து மாத்திரை கொண்ட அட்டையிலிருந்து ஐந்தை மட்டும் கத்தரித்துத் தரும்போது, பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி மறு துண்டிலுமாகப் போய்விடுவதுண்டு. சர்க்கரை நோய்க்கான கூட்டு மாத்திரையை இப்படித் துண்டாக வாங்கிக்கொள்வதையே முதல் தவறாகச் சொல்வேன். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள இரண்டு வரிகள்தாம் நாம் எதை விழுங்குகிறோம் என்பதைச் சொல்கின்றன: கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். இந்தியாவில் மிகப் பரவலாக எழுதித் தரப்படும் சேர்க்கைகளில் இது ஒன்று.

இவ்விரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. மெட்ஃபார்மின், கல்லீரல் இரத்தத்தில் விடும் சர்க்கரையைக் குறைத்து, உடலில் ஏற்கெனவே இருக்கும் இன்சுலின் நன்றாகச் செயல்பட உதவுகிறது. அதை மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. நாம் சாப்பிட்டிருக்கிறோமா, இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே காலை உணவுடன் போட வேண்டிய மாத்திரையைப் போட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போடுவதைவிடப் பெரிய தவறு இதில் வேறில்லை.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஏகாதசியன்று காலை ஆறரை மணிக்குக் காபியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மதியம் இரண்டு பழம் போதும் என்று கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். பத்து மணிக்குத் திரும்பியபோது சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது, பேச்சு குழறியது, கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். பக்கவாதமோ என்று வீடே கலங்கியது. பக்கத்து வீட்டுக் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 46 என்று காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான்.

பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம்; தெளிவு வரவே இல்லை. பிறகுதான் அவருடையது வோக்லிபோஸும் சேர்ந்த மூன்று மருந்து மாத்திரை என்பது தெரிந்தது. வோக்லிபோஸ், வீட்டுச் சர்க்கரை குடலில் குளுக்கோசாக உடைவதையே தாமதப்படுத்தும் மருந்து. அந்த மாத்திரை எடுப்பவர்கள் குளுக்கோஸ் தூளையே கைவசம் வைத்திருக்க வேண்டும். சுமார் 15 கிராமைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவு தவறியவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அளவு ஏறிவிட்டது என்று அத்தோடு விட்டுவிடுவதும் தவறே. கிளிமிபிரைடின் வேலை ஒரு நாள் வரை நீடிக்கக்கூடும் என்பதால், ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கலாம். முதியவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இது இன்னும் அதிகம். நன்றாகச் சாப்பிட வைத்து, அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. விரதம், நோன்பு இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால், அவர் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். விரதத்தை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெயரின் முடிவில் வரும் எம்1, எம்2 என்பவற்றையும் பலர் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். பொதுவாக அந்த எண் கிளிமிபிரைடின் அளவைக் குறிக்கும். எம்1 இல்லாததால் கடைக்காரர் எம்2 தந்தால், சர்க்கரையைத் தாழ்த்தும் பகுதி இரட்டிப்பாகிவிடுகிறது. இரண்டு மருத்துவர்களிடம் பார்ப்பவர்கள் வெவ்வேறு வணிகப் பெயர்களில் ஒரே மெட்ஃபார்மினை இரண்டு முறை விழுங்குவதும் நடக்கிறது. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் மேசையில் கொட்டிக் காட்டுவதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளையில் இரண்டாகப் போட்டு ஈடுகட்டவும் கூடாது.

விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று மாத்திரையைப் பொடித்துத் தரும் வழக்கமும் உண்டு. அட்டையில் எஸ்.ஆர்., இ.ஆர்., பி.ஆர். என்று இருந்தால் அது மெதுவாக மருந்தை விடும் வகை. பொடித்தாலோ மென்றாலோ, பல மணி நேரத்துக்கான மெட்ஃபார்மின் ஒரே சமயத்தில் குடலில் இறங்கிவிடும். இவ்வகை மாத்திரையின் வெற்றுக் கூடு சில சமயம் மலத்தில் தென்படலாம். மருந்து ஏற்கெனவே உடலில் சேர்ந்துவிட்டதால் அதற்காக இன்னொன்று போட வேண்டாம்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், கிரியாட்டினின் பரிசோதனையை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யாமல் அதே சீட்டுக்கு மருந்து வாங்கிக்கொண்டே இருப்பது ஆபத்தானது. அதிலிருந்து கணக்கிடப்படும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR என்றிருக்கும்) 30-க்குக் கீழே இறங்கினால் மெட்ஃபார்மின் கூடாது. 30-க்கும் 45-க்கும் இடையில் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால், வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டே இருக்காமல் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். நீர் வற்றிய உடலில் மெட்ஃபார்மினால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கும் அபாயமும், வெறும் வயிற்றில் சர்க்கரை தாழும் அபாயமும் சேர்ந்தே வருகின்றன. மது இவ்விரண்டையும் கூட்டுகிறது. சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்குப் போகும்போது இந்த மாத்திரை எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துப் பரிசோதித்த பிறகே மீண்டும் தொடங்கச் சொல்வார்கள்.

பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவருக்குப் பாதம் மரத்துப்போனால், அதை உடனே சர்க்கரை நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அம்மருந்தே வைட்டமின் பி12 அளவைக் குறைக்கக்கூடியது. அந்தக் குறைவாலும் பாதம் மரக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் இக்குறையைச் சரிசெய்ய மருந்தும் இருக்கிறது. ஆனால் நரம்பு நெடுநாள் கெட்டபின் முழுவதும் திரும்புவது கடினம் என்பதால், மரப்பு தொடங்கியவுடனேயே கேட்டு எழுதி வாங்க வேண்டிய பரிசோதனை அது.