அப்பாவுக்கு என்ன வாங்கலாம்? முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கினேன். அரக்கு நிறம், முழுக்கை, நல்ல துணி, என் சம்பளத்துக்குக் கொஞ்சம் அதிகமான விலை. அப்பா பிரித்துப் பார்த்தார், "நல்லா இருக்குப்பா" என்றார், பீரோவில் வைத்தார். அதோடு சரி. இரண்டு தீபாவளி கழித்து அம்மாதான் காரணத்தைச் சொன்னார்: சட்டையில் பை இல்லை. மூக்குக்கண்ணாடி, பேனா, நாலாக மடித்த பால் கணக்குச் சீட்டு, பஸ் டிக்கெட் எல்லாம் அப்பாவுக்கு இடது மார்பில் இருந்தாக வேண்டும். அந்தப் பையைப் பார்த்தே வளர்ந்தவன், கடையில் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பலமுறை வாங்கி, சிலமுறை சரியாகவும் வாங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கேட்காதீர்கள், ஒரு வாரம் பாருங்கள்

"உங்களுக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். "எனக்கெதுக்கு? நீங்க ஏதாவது வாங்கிக்கோங்க." அதனால் வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருங்கள். முக்கியமாக அவர் எதை ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறார் என்று பாருங்கள். மூடி போன டார்ச்சுக்கு ரப்பர் பேண்டு, காது உடைந்த கண்ணாடிக்கு நூல், வார் அறுந்த செருப்புக்கு ஊக்கு. அப்பாக்கள் தேவையை வாயால் சொல்வதில்லை. நூலும் ஊக்கும் சொல்லிவிடும்.

இன்னொன்று முனகல். "இப்பல்லாம் பேப்பர்ல எழுத்தைப் பொடிசாப் போடுறான்" என்று அவர் சொன்னால் பேப்பரில் ஒன்றும் மாறியிருக்காது. பார்த்ததையும் கேட்டதையும் செல்போனில் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் நாலைந்து தேறும். வெளியூரில் இருப்பவர்கள் அம்மாவிடமோ தங்கையிடமோ விசாரிக்கலாம். "அப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்காமல், "அப்பா இப்ப எதைத் தேடிக்கிட்டே இருக்கார்?" என்று கேளுங்கள்.

படி 2: புதுசா, பழசைச் சரிசெய்வதா?

குறித்து வைத்ததில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்துபோன பொருள் என்றால் அதே மாதிரி புதியது வாங்குங்கள். அதைவிட "உயர்ந்தது" வாங்கினால் அது பீரோவுக்குத்தான் போகும். அவர் பித்தான் செல்போனில் பேசுகிறவர் என்றால் இன்னொரு பித்தான் போனே நல்ல பரிசு.

ஆனால் சில பொருள்களை மாற்றவே கூடாது. என் அப்பாவின் கையில் இருந்தது சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரம். பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலையின் சரக்கு. ஒரு தலைமுறைக்குக் கல்யாணப் பரிசு என்றாலே இதுதான். 2016இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவெடுத்தது. நின்றுபோன அந்தக் கடிகாரத்துக்குப் பதில் பேட்டரி கடிகாரம் வாங்கித் தருவதைவிட, பழைய கைதேர்ந்த ரிப்பேர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது மேல். பேருந்து நிலையத்தை ஒட்டிய பெட்டிக்கடைகளில், கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடச் சொல்லுங்கள். கண்ணாடி கீறியிருந்தால் மாற்றலாம், வாரையும் மாற்றலாம். முகப்புக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அந்த மஞ்சள் பூத்த முகப்பைத்தான் அவர் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறார். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் "பழைய" எச்.எம்.டி.களில் பல இப்படி முகப்பை மறுபடி வரைந்து, வேறு வேறு கடிகாரங்களின் பாகங்களைக் கோத்தவை. ஏமாறாதீர்கள்.

கடிகாரத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போகும் முன் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அப்பா அதைத் தேடி வீட்டையே தலைகீழாகப் புரட்டிவிட்டார்.

படி 3: அளவு எடுங்கள்

எனக்குத் தெரிந்து பரிசுகள் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வேட்டி. முதலில் நான்கு முழமா எட்டு முழமா என்று பாருங்கள். எட்டு முழம் என்பது ஏறக்குறைய 3.6 முதல் 4 மீட்டர். நான்கு முழம் அதில் பாதி. எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டிப் பழகியவருக்கு ஒற்றை வேட்டி கட்டினால் ஒன்றுமே கட்டாத மாதிரி இருக்கும். அடுத்து நூல் எண். 40, 60, 80, 100 என்று போகும். எண் கூடக்கூட நூல் மெல்லிசு. தினமும் கட்ட 40 அல்லது 60 தாங்கும். 100 பார்க்க அழகு, துவைக்கும்போது பதமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் நிற்கவில்லை என்று அவர் பெல்ட்டு போடுகிறார் என்றால் ஒட்டும் பட்டை வைத்த வேட்டியைத் தாராளமாக வாங்கலாம். போடாதவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள், மானப் பிரச்சினை ஆகிவிடும். கைத்தறி வேண்டுமென்றால் 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் வாங்கினால் கை கடிக்காது.

கடைசியாகக் கரை. தமிழ்நாட்டில் கரையின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. அழகாக இருக்கிறதே என்று நீங்கள் எடுத்த வேட்டி எதிர்க்கட்சிக்காரருடையதாக இருந்துவிடப் போகிறது.

கைலி என்றால் ஒரே விதி: மூட்டிக் கொடுங்கள். மூட்டாத கைலி தையல்காரரிடம் போவதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கும்.

சட்டைக்குப் பழைய சட்டை ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்கள். கழுத்துப்பட்டையில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், கடைக்குக் கடை மாறும். தோளுக்குத் தோள் வைத்துப் பாருங்கள். பை இருக்கிறதா என்றும் பாருங்கள்!

செருப்பு. அவர் கழற்றிவிட்ட செருப்பைத் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். சாயங்காலத்தில் கால் சற்று வீங்கியிருக்கும், அதற்கும் இடம் விட்டு வாங்குங்கள். சர்க்கரை நோய் இருந்து, பாதம் மரத்துப்போகிறது என்று சொல்கிறவர் என்றால் எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். மெத்தென்ற ரப்பர் அடியில் அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. பின்னால் வார் உள்ளதாக இருக்கட்டும், கழன்று ஓடாது. இதை மட்டும் அவரையே கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. கால் மரத்தவருக்குக் கடித்தாலும் தெரியாது.

கண்ணாடி. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் உத்தேசமாகப் பவர் சொல்லி வாங்க முடியாது. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் இருக்கலாம். நான் செய்தது வேறு. அப்பா வழக்கமாகப் போகும் கண்ணாடிக் கடையில் அவருடைய அளவு எழுதி வைத்திருந்தார்கள். அதே பவரில் இரண்டாவது கண்ணாடி ஒன்று செய்து, பேப்பர் படிக்கும் நாற்காலி பக்கத்தில் வைத்தேன். "கண்ணாடியப் பார்த்தியா?" என்ற குரல் வீட்டில் பாதியாகக் குறைந்தது. அளவு எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

ரத்த அழுத்தக் கருவி மாதிரியானவற்றை, அவரே அடிக்கடி மருந்துக்கடைக்குப் போய்ப் பார்க்கிறவர் என்றால் மட்டும் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் கட்டுவது நம்பகமானது. பட்டையின் அளவு கைக்குப் பொருந்த வேண்டும். சாதாரணமாக 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கு வரும். கை பெரிதென்றால் பெரிய பட்டை கேளுங்கள். இதுவரை அழுத்தமே பார்க்காதவரிடம் பிறந்தநாளன்று இதை நீட்டினால், "எனக்கு வயசாயிடுச்சுங்கறியா?" என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

படி 4: கையில் காசில்லையா?

அப்பாவின் செல்போனை வாங்கிப் பாருங்கள். "இடம் இல்லை" என்று அது ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருக்கும். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். அவற்றை அழித்து, எழுத்தைப் பெரிதாக்கி, அடிக்கடி பேசும் ஐந்து பேரை முகப்பில் வைத்துக் கொடுங்கள். பேரன் பேத்தி படங்களை அழித்துவிடாதீர்கள், முன்பே வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள்.

ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால் வருடத்துக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். 2014இல் வந்த ஜீவன் பிரமாண் வழியாக அதை இணையத்திலேயே கொடுக்கலாம். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும். அவருடைய அலுவலகம் இதை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். வரிசையில் நிற்கும் ஒரு நாள் மிச்சம்.

படி 5: அப்பா மாதிரி இருப்பவர்களுக்கு

தாய்மாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். காதுகுத்துக்கு அவர் சீர், பூப்பு நீராட்டுக்கு அவர் சீர், கல்யாணத்துக்கும் அவர் சீர். கொடுத்தே பழகியவர். வாங்கிக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் பரிசு என்று சொல்லாமல் ஒரு காரணத்தோடு கொடுங்கள்: "மாமா, அப்பாவுக்கு எடுத்தேன், உங்களுக்கும் ஒண்ணு எடுத்துட்டேன்." மறுக்க மாட்டார்.

சித்தப்பா, பெரியப்பாவுக்கும் இது பொருந்தும். அண்ணன் தம்பி இருவருக்கும் வாங்கும்போது ஒரே தரத்தில் வாங்குங்கள். விலை எப்படியும் வெளியே வந்துவிடும். மாமனாருக்கு வாங்குகிறீர்கள் என்றால் மனைவியோ கணவரோ சொல்வதுதான் இறுதித் தீர்ப்பு. தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்கும் பள்ளி வாத்தியாருக்கும் பொருளைவிட, நேரில் போய் நீங்கள் இப்போது செய்யும் வேலையைக் காட்டுவது பெரிது. பழத்தோடு போங்கள், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு.

படி 6: எந்த நாளில் கொடுப்பது?

தந்தையர் தினம் ஜூன் மூன்றாம் ஞாயிறு. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தன் அப்பாவை நினைத்து ஒரு மகள் 1910இல் தொடங்கி வைத்தது. நல்ல நாள்தான். நம் ஊரில் அது பள்ளிக்கட்டண மாதம் என்பதால் அவருக்கு நீங்கள் செலவு செய்ததுதான் முதலில் உறுத்தும். அறுபதாம் கல்யாணம் வேறு விஷயம். தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுற்றி, அவர் பிறந்த ஆண்டு அதே பெயரில் திரும்பி வருகிறது. 1966 ஏப்ரலில் தொடங்கிய பராபவ ஆண்டு 2026 ஏப்ரலில் மறுபடியும் தொடங்குகிறது. அவர் குழந்தையாக இருந்த பழைய படம் ஏதாவது இருந்தால், நல்ல ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து பெரிதாக்கிச் சட்டம் போடலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை நீங்களே பிரிக்க முயலாதீர்கள், முகம் உரிந்து வந்துவிடும்.

மற்றபடி எந்த விசேஷமும் இல்லாத செவ்வாய்க்கிழமை காலை, காபி குடிக்கும் நேரம் போதும். பழைய செருப்பைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும், அவரே மாறிக்கொள்வார்.

விலை கேட்பார். நான் ஒருமுறை பாதி விலை சொன்னேன். அடுத்த வாரமே, "அதே விலைக்கு நம்ம சேகருக்கும் சம்பந்திக்கும் ஒண்ணொண்ணு வாங்கிட்டு வா" என்று பணத்தை எண்ணிக் கொடுத்தார். மீதிப் பணம் என் கையிலிருந்து போனது. இப்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடம் திட்டுவார், அவ்வளவுதான். பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், அளவு சரியில்லை என்றால் மாற்ற வேண்டியிருக்கும்.

அந்த அரக்குச் சட்டை என்ன ஆயிற்று என்று கேட்டால், போன பொங்கலுக்குப் பீரோவைச் சுத்தம் செய்தபோது அம்மா அதை என்னிடமே கொடுத்துவிட்டார். குண்டூசிகூடப் பிடுங்காமல் இருந்தது. எனக்குத் தோள் கச்சிதமாக இருக்கிறது. கண்ணாடியை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.