எலக்ட்ரானிக் இலக்கைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1000 கெஜம், அதாவது 914 மீட்டர் கடந்து வரும் தோட்டாவை நெடுந்தூரத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளின் எலக்ட்ரானிக் இலக்கு காதால்தான் அறிகிறது. ஒலியை விஞ்சிய வேகத்தில் வரும் தோட்டா கிளப்பும் அதிர்வலை, இலக்கின் சட்டத்திலுள்ள (ஃபிரேம்) மைக்ரோஃபோன்களை எந்தெந்தக் கணத்தில் தொட்டது என்பதை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறது. திரையில் நாம் பார்ப்பது அந்தக் கணக்கின் விடையை.

பலரும் செய்யும் பெரிய தவறு, குரூப், அதாவது சுட்ட தோட்டாக்கள் விழுந்த பரப்பு, சிறிதாக இருக்கிறதே என்று இலக்கை நம்பிவிடுவது. சுடுபவரின் திட்டவிலக்கம், அதாவது சிதறலின் அளவு, 30 மில்லிமீட்டர், இலக்கினுடையது 10 மில்லிமீட்டர் என்று வையுங்கள். இரண்டும் வர்க்கமாகத்தான் கூடும்; வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்தம் 31.6. குரூப்பைப் பார்த்து யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் 10-ஆம் வளையத்தின் கோட்டை உரசிய தோட்டாவை 9-க்குத் தள்ள அந்த 10 மில்லிமீட்டர் தாராளம். ஒரு புள்ளியில் பதக்கம் கைமாறும் போட்டியில் இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

சட்டத்திலேயே தாளை இறுக்கி ஒட்டுங்கள். துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி குறியை மாற்றி மாற்றிச் சுட்டு, ஒவ்வொரு துளையையும் திரையில் அதற்குரிய புள்ளியோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தால், அதே இலக்கில் சுடும்வரை சைட்டை, அதாவது துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவியை, திருப்பிச் சரிசெய்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் விலகினால் அதற்கு எந்தத் திருகிலும் மருந்தில்லை. தாளைச் சட்டத்துக்கு வெகுதூரம் பின்னால் மாட்டினால் சோதனையே கெடும். தோட்டா இறங்குமுகமாக வருவதால் துளை கீழே விழும்.

எதற்கெடுத்தாலும் வெயிலைக் குறைசொல்வதும் சரியில்லை. 1 டிகிரி செல்சியஸுக்கு ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர்தான் மாறும். அதைத் திருத்தாமல் விட்டாலும் வரும் பிழை மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்பவே வளரும். 10 டிகிரி தவறினால் மையத்துக்கு 50 மில்லிமீட்டர் தள்ளி விழுந்த தோட்டா சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும்.

காற்று வேறு கதை. 1 மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகிறது. அதற்குள் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 15 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். திறந்த சட்டத்தில் அது ஒலியையும் இழுத்துச் செல்லும். ஆடும் சட்டமாக இருந்தால் இன்னும் மோசம். முன்னும் பின்னும் ரப்பர் விரிப்பு போர்த்திய மூடிய இலக்கு இதைத் தடுக்கிறது, நடுவே துளைத்துத் துளைத்து ரப்பர் கிழியாதவரை.

தோட்டா ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதிர்வலையே கிடையாது. துளை விழுந்திருக்கும், திரை வெறுமையாக இருக்கலாம். அப்போது இலக்கோடு சண்டைபோடும் முன், தோட்டா அங்கே என்ன வேகத்தில் சேர்கிறது என்று பாருங்கள்.